மாலத்தீவில் படகிலேயே தங்கி ஸ்கூபா டைவ் அடிக்கப் போகிறீர்களா?

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், படகை அப்புறம் தேடலாம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம், பொதுவாகக் கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவு. மே முதல் நவம்பர் வரை மழையும் அலையும் உண்டு, ஆனால் பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) இருக்கும் ஹனிஃபரு வளைகுடாவுக்கு மான்டா திருக்கைகள் கூட்டமாக இரை தேடி வருவது அந்த மாதங்களில்தான். அங்கே சிலிண்டரோடு இறங்க அனுமதி கிடையாது, ஸ்நார்கல் (மேல்மட்டத்தில் குழாயில் மூச்சுவிட்டபடி நீந்துவது) மட்டுமே.

அடுத்தது உங்கள் அனுபவம். இதில் தயவுசெய்து உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரைக்கும்தான், நல்ல இடங்கள் பலவும் அதற்குக் கீழே இருக்கின்றன, அதனால் அடுத்த படியான அட்வான்ஸ்டு முடித்துவிட்டுப் போவது நல்லது. அதைவிட முக்கியம் நீரோட்டம். அட்டோலுக்குள் கடல் புகுந்து வெளியேறும் வாய்க்கால்களை அங்கே 'கண்டு' என்கிறார்கள். சுறாக்கள் கூடும் இடமும் அதுதான், ஆளை இழுத்துப்போகும் இடமும் அதுதான். நான் முதல்முறை இறங்கியபோது மாஸ்க்கைச் சரிசெய்ய மேலே பத்து நொடி நின்றேன், அதற்குள் குழு எனக்குக் கீழே மங்கலான நிழலாகிவிட்டது. ஆகவே குதிப்பதற்கு முன்பே மாஸ்க், ஃபின்ஸ், ரெகுலேட்டர் (மூச்சுக் கருவி) எல்லாவற்றையும் பார்த்து முடித்து, பிசிடியில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்றே இல்லாமல் நேராகக் கீழே போய்விடுங்கள்.

சொந்தமாக டைவ் கம்ப்யூட்டரும் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவி), மேலே வரும்போது ஊதிவிடும் மிதவையும் கட்டாயம் வேண்டும், இரண்டையும் இரவல் வாங்காதீர்கள். சிலிண்டரும் கம்ப்ரசரும் பெரும்பாலும் கூடவே வரும் தனிப் படகில் இருக்கும், அதற்குப் பேர் 'தோனி', நம் தோணிதான்! டைவுக்குப் போவதும் அதில்தான். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) எடுத்தால் உங்கள் சிலிண்டரை நீங்களே ஆக்சிஜன் மீட்டர் வைத்துப் பாருங்கள்: முள்ளோ எண்ணோ அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, அது காட்டும் சதவீதத்தை அப்படியே டேப்பில் எழுதி ஒட்டி, கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்தாச்சு என்றாலும் சரி, நீங்களும் பாருங்கள்.

நாளுக்கு மூன்று டைவ், சில நாள் இரவிலும் ஒன்று, இப்படி ஒரு வாரம் போனால் முதலில் படுத்துவது காதுதான். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், சளி பிடித்திருந்தால் அந்த டைவை விட்டுவிடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் பெரும்பாலும் சேராது, அதற்கென்று தனியாக எடுங்கள்.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடுங்கள். அந்த நாளில் மாலே மீன் சந்தைக்குப் போகலாம், மதியத்துக்கு மேல் படகுகள் சூரை மீன்களோடு வந்து சேரும், வெட்டுகிற வேகமே பார்க்க வேண்டிய ஒன்று. பக்கத்துச் சந்தையில் மாசிக் கருவாடும் கிடைக்கும், வீட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.