சிங் என்றால் எந்த சிங்?

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் பெயரடைவு என்று ஒன்று வருமே, அதைப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பாதி. மறு பாதி மெய்ப்புத் திருத்துவது. இந்திய வரலாறு, அரசியல் என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் தடிமனான நூல்கள் கைக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். எல்லாம் 'சிங்' என்ற சொல்லால்தான்.

தொழிலுக்குப் புதிதில் ஒரு புத்தகத்துக்கு 'ஜக்ஜித் சிங் – 143, 145, 260, 301' என்று ஒரே வரியில் போட்டுவிட்டேன். 143, 145ஆம் பக்கங்களில் இருந்தவர், 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படைத் தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அருகில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. 260ஆம் பக்கத்திலும் அவர்தான். பிற்பாடு அகாலி தளம் சார்பில் மாநிலங்களவைக்குப் போனவர். 301இல் இருந்தவரோ கஜல் பாடகர். புத்தகம் வெளியாகி இரண்டு மாதம் கழித்து ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை வந்தது: 'பாகிஸ்தான் படை கஜல் கேட்டா சரணடைந்தது?'

அதற்குப் பிறகு நானாக வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். கான், ராவ், மேனன் என்று எந்தப் பெயருக்கும் இது பொருந்தும். சிங்கில் தேறிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில், பெயரின் கடைசிச் சொல்லை வைத்து அடுக்காதீர்கள். ஆங்கில மூலத்தில் 'சிங், மன்மோகன்' என்றுதான் இருக்கும். அதை அப்படியே பெயர்த்துப் போட்டால் 'சி' வரிசையில் நாற்பது பேர் நிற்பார்கள். தமிழ் வாசகர் மன்மோகன் சிங்கை 'ம' வரிசையில்தான் தேடுவார். நமக்குத் தலைப்பெழுத்து முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அவர்களுக்குச் சொந்தப் பெயர் முன்னால். அதையே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர, சிங் என்பது ஒரு குடும்பத்தின் பெயரே அல்ல. ராஜபுத்திரர்கள் முன்பிருந்தே வைத்துக்கொண்டிருந்த பெயர் அது. 1699இல் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது சீக்கிய ஆண்களுக்குச் சிங், பெண்களுக்குக் கௌர் என்று ஆக்கினார். பிரதமராக இருந்தவர்களில் சரண் சிங் உத்தரப் பிரதேசத்து ஜாட், வி.பி. சிங் மாண்டா ராஜபுத்திர ஜமீன், மன்மோகன் சிங் சீக்கியர். ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது. இதில் வி.பி. சிங்கை மட்டும் நம் ஊர்க்காரர் யாரும் 'விஸ்வநாத்' என்று தேடுவதில்லை. மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டால் அவர் நமக்கு அவ்வளவு நெருக்கம். சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் 2023இல் சிலையே வைத்தாயிற்று. ஆகவே 'வி.பி. சிங்' என்பதில் பக்க எண்களைக் கொடுத்து, 'விஸ்வநாத் பிரதாப் சிங் – காண்க: வி.பி. சிங்' என்று இன்னொரு வரி சேர்த்துவிட வேண்டும்.

அடுத்து, பெயரில் சிங் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நடுவில் நின்றால் பின்னால் வருவதை விடவே கூடாது. நான் சறுக்கியது அங்கேதான். 'அரோரா'வை விட்டேன், ஜெனரல் பாடகராகிவிட்டார். மகேந்திர சிங் தோனிக்கு இந்தக் கவலை இல்லை. அவரைத் தோனி என்றே போடுங்கள், சேப்பாக்கத்தில் வேறு எப்படிச் சொன்னாலும் யாருக்கும் புரியாது. சில பேரிடம் சிங் ஒளிந்திருக்கும். கவிஞர் குல்சாரின் இயற்பெயர் சம்பூரண் சிங் கால்ரா. ரன்வீர் சிங் இதற்கு நேர் எதிர். குடும்பப் பெயரான பவ்னானியை விட்டுவிட்டு சிங்கை வைத்துக்கொண்டார். சிங் என்றாலே ஆண் என்றும் முடிவு கட்ட வேண்டாம். ரகுல் ப்ரீத் சிங் இருக்கிறார்.

ராணுவத்துக்கு வந்தால்தான் உண்மையான தலைவலி. 'தளபதி சிங் மறுத்தார்' என்று நூலாசிரியர் சாவகாசமாக எழுதிவிட்டுப் போய்விடுவார். வி.கே. சிங் 2010 முதல் 2012 வரை தரைப்படைத் தளபதி. அவருக்கு அடுத்து 2014 வரை பிக்ரம் சிங். அவருக்கும் அடுத்து 2016 வரை தல்பீர் சிங் சுஹாக். மூன்று பேர் வரிசையாக! அந்தப் பத்தி நடக்கும் மாதம் தெரியாமல் கை வைக்காதீர்கள். பதவியை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும் என்று நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அப்புறம் இன்னொரு பிக்ரம் சிங் வந்து சேர்ந்தார். லெப்டினன்ட் ஜெனரலான இவர் 1963 நவம்பரில் பூஞ்ச் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தவர். அன்றிலிருந்து பதவியோடு ஆண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஜஸ்வந்த் சிங்கிலும் இதே கதைதான். ஒருவர் மேஜராக இருந்து ராணுவத்தை விட்டு வந்து, வாஜ்பாய் அமைச்சரவையில் வெளியுறவையும் நிதியையும் பார்த்தவர். இன்னொருவர் ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத், 1962இல் நூராநாங்கில் சீனப் படையை எதிர்த்து நின்று மகாவீர் சக்ரம் பெற்றவர். இது போதாதென்று யஷ்வந்த் சின்ஹா வேறு. 2002இல் ஜஸ்வந்த்தும் யஷ்வந்த்தும் நிதியையும் வெளியுறவையும் இடம் மாற்றிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் 'ஜஷ்வந்த்' என்று எழுதியிருந்தால் முடிந்தது கதை. அந்த மாதிரி இடத்தில் மூல நூலின் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதெல்லாம் பொடி எழுத்துச் சமாச்சாரம்தானே என்று தோன்றினால், கார்கிலை நினைத்துக்கொள்ளுங்கள். டைகர் ஹில்லில் போரிட்ட 18ஆம் கிரனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு 1999இல் பரம்வீர் சக்ரம் அறிவித்தபோது, இறந்தவருக்கான விருது என்றே அறிவித்தார்கள். அவரோ உயிரோடு மருத்துவமனையில் படுத்திருந்தார். இறந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொரு வீரர்.

இரண்டு பேரை ஒருவராக்கும் பயம் முற்றிப்போனால் ஒருவரை இரண்டாக வெட்டத் தொடங்கிவிடுவோம். எனக்கும் அது நடந்திருக்கிறது. தளபதி ஜே.ஜே. சிங்கும் அருணாசலப் பிரதேச ஆளுநர் ஜே.ஜே. சிங்கும் ஒரே ஆள்தான். தளபதி வி.கே. சிங்தான் 2014இல் காஜியாபாத் எம்.பி. ஆனார். மல்யுத்த வீரர் தாரா சிங், ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷன் ராமாயணத்தில் நாம் பார்த்த அனுமார், 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர், மூவரும் ஒருவரே. ஆனால் ஒடிசாவில் பாதிரியார் ஸ்டெயின்ஸ் கொலை வழக்கில் தண்டனை பெற்ற தாரா சிங் வேறு ஆள். அந்த இரண்டையும் ஒரே வரியில் கோத்துவிட்டால் தபால் அட்டை வராது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

வேலையை எப்படிச் செய்வது என்றால், பெயர் வரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துண்டு அட்டை. அதில் பக்க எண், பெயர் அச்சாகியிருக்கும் விதம், அவர் அங்கே செய்யும் காரியம், ஆண்டு. கணினியில் அட்டவணை போட்டும் பார்த்தேன், ஆனால் மேசை மேல் பரப்பி வைத்தால்தான் எனக்கு மூளை ஓடுகிறது. பெயர் தவிர இன்னும் இரண்டு அடையாளங்களாவது ஒத்துப்போனால்தான் இரண்டு அட்டைகளை ஒரே ரப்பர் பேண்டில் சேர்ப்பேன். படைப்பிரிவும் ஆண்டும், அல்லது தொகுதியும் கட்சியும், இப்படி. பெயர் மட்டும் ஒத்தால் தனித்தனியாகவே கிடக்கட்டும்.

கடைசியில் எப்படியும் இரண்டொரு அட்டை மிஞ்சும். இப்போது கையில் இருக்கும் புத்தகத்தில் 212ஆம் பக்கத்தில் ஒரு 'கர்னல் சிங்' வருகிறார், ஒரு தேநீர் விருந்தில், ஒரே ஒரு வாக்கியத்துக்கு. முன்பெல்லாம் இப்படிப்பட்டவரைப் பொருத்தமாகத் தோன்றும் பெரிய பெயர் ஒன்றில் சேர்த்துவிட்டுக் கையைக் கழுவுவேன். இப்போது 'சி' வரிசையில் 'சிங் (கர்னல்) – 212' என்று தனியாக உட்கார வைத்திருக்கிறேன்.