நிழல் குறுகும் வேளை: வெயிலிலிருந்து வைட்டமின் டி பெறும் முறை

வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாட்டிலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதற்கு, நாம் வெயிலில் நிற்கத் தேர்ந்தெடுக்கும் நேரமும் ஒரு காரணம். தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின்மீது சூரியனின் புற ஊதா பி கதிர் படும்போதுதான் இந்த வைட்டமின் உருவாகத் தொடங்குகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகின்றன. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சுவதற்கு அது இன்றியமையாதது. குறைந்தால் குழந்தைகளுக்குக் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோயும், பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் வரக்கூடும்.

அதிகாலை இளவெயில் நடைப்பயிற்சிக்கு இதமானதே. ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கையில் கதிர்கள் வளிமண்டலத்தை நெடுந்தொலைவு சாய்வாகக் கடந்து வருவதால், புற ஊதா பி பெரும்பாலும் ஓசோனிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே கடிகாரத்தைவிட நிழலை நம்புங்கள்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் வேளையே பயன் தரும். சென்னையில் சித்திரை மாதம் காலை 9.30 மணிக்கே அந்நிலை வந்துவிடும் என்பதால், உச்சிவெயிலில் வாட வேண்டியதில்லை. மார்கழியிலோ சுமார் 10.15 முதல் 2 மணி வரைதான் வாய்ப்பு.

வாரத்தில் மூன்று, நான்கு நாள், கைகளும் கால்களும் திறந்திருக்க, 20 முதல் 30 நிமிடம் நிற்கலாம். முகத்தை மறைத்துக்கொள்வதில் தவறில்லை. தோலின் கருமையும் முதுமையும் உற்பத்தியைக் குறைப்பதால் சிலருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். எனினும் தோல் எரியும்வரை நிற்கக் கூடாது. சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும் என்பதால், வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ படும் வெயிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெயிலில் மோசமாகக்கூடிய லூபஸ் என்னும் நோய் எதிர்ப்பாற்றல் கோளாறு உள்ளவர்களும், தோலை வெயிலில் எளிதில் எரியச் செய்யும் டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

மத்தி மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இச்சத்து உண்டு. தாய்ப்பாலில் மிகக் குறைவு என்பதால் கைக்குழந்தைகளுக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. பச்சிளங்குழந்தையை நேரடி வெயிலில் கிடத்துவது அதற்கு மாற்றாகாது.

இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்று கொள்வர். வெயிலால் வைட்டமின் டி மிகையாவதில்லை; உபரியைத் தோலே சிதைத்துவிடும். மாத்திரைக்கு அந்தக் காவல் இல்லை. வாரம் ஒருமுறை எழுதித்தரப்படும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்கினால், இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கிச் சிறுநீரகப் பாதிப்பு வரை செல்லக்கூடும்.