கவுண்ட்டருக்கு கியாஸ்க் வருகிறதா? முதல் நாளே இதைச் செய்யுங்கள்

ஒன்பது வருடம் பர்கர் கடை கவுண்ட்டரில் நின்றவள் நான். வாடிக்கையாளரே ஆர்டர் போட்டுப் பணம் கட்டும் தொடுதிரை இயந்திரமான கியாஸ்க் வந்ததும் மூன்று கவுண்ட்டர் ஒன்றாகிவிட்டது. நான் தப்பித்த வழியைச் சொல்கிறேன்.

இயந்திரத்தைப் பொருத்த வருபவர் பக்கத்திலேயே நில்லுங்கள். அட்டை ரீடர் நின்றுபோனால் மறுபடி இயக்குவது, தீர்ந்துபோன அயிட்டத்தைத் திரையிலிருந்து எடுப்பது, ரசீது ரோல் மாட்டுவது எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். ரோலைத் திருப்பி மாட்டினால் ரசீது வெறும் வெள்ளையாக வரும். சூட்டில் கறுக்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். நகத்தால் கீறுங்கள், கறுப்புக் கோடு விழுவதுதான் அச்சுப் பக்கம். கூட்ட நேரத்தில் இது தெரிந்த ஆளைத்தான் மேனேஜர் தேடுவார்.

அடுத்து, சமையலறை வேலைக்குப் பயிற்சி கேளுங்கள். 2018-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பர்கர் புரட்ட ஃபிளிப்பி என்ற ரோபோ வந்தது. கூட வேலை செய்தவர்களால் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சீக்கிரமே நிறுத்திவைத்தார்கள். புரட்டியதை அடுக்கிப் பொட்டலம் கட்ட அங்கேயும் மனிதக் கைதான் வேண்டியிருந்தது.

ஷிஃப்ட் மணி குறைந்தால் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அதைப் பற்றி மேனேஜரிடம் பேசப் போகும்போது தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போங்கள்.