கடலூர் துறைமுகத்துக்கு ஜோடியாகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பாண்டிச்சேரிக்கு வரும் ஜோடிகள் பலர், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று கடலூரை நினைக்கிறார்கள். முதல் தவறே இதுதான். தூரம் 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மீன்பிடி துறைமுகம் விடியற்காலையில் இயங்கும் இடம். வெயில் ஏறியபிறகு போனால் கழுவிவிட்ட தரையும் கட்டிக்கிடக்கும் படகுகளும்தான் மிச்சம். முந்தைய இரவே கடலூரில் தங்கிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டோடு கிளம்புங்கள்.

அடுத்தது, தப்பான இடத்தில் இறங்குவது. கடலூருக்கு இரண்டு முக்கிய ரயில் நிலையங்கள். திருப்பாதிரிப்புலியூர் புதுநகர்ப் பக்கம், கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகர்ப் பக்கம். ஆட்டோக்காரரிடம் வெறுமனே 'பீச்' என்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் கொண்டுபோய் விடுவார். 'முதுநகர் மீன்பிடி துறைமுகம்' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தேதியையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சின்னப் படகுகளின் மீன் வரும், ஆனால் அந்தப் பரபரப்பு இருக்காது.

உள்ளே போனதும் பெரும்பாலானோர் செய்வது, ஏலம் நடக்கும் இடத்தின் நடுவில் நின்று செல்ஃபி எடுப்பது. தயவுசெய்து வேண்டாம். படகிலிருந்து இறங்கிய மீனைத் தரையில் குவித்ததும் ஏலம் கூறுபவர் விலையைச் சொல்லிக்கொண்டே போவார், சுற்றி நிற்பவர்கள் கண்ணசைவிலேயே கேட்பார்கள், சில நொடியில் குவியல் கை மாறி ஐஸோடு கூடைக்குள் போய்விடும். அந்தச் சில நொடியில்தான் ஒருவருடைய அன்றைய வரும்படியே இருக்கிறது, நாம் குறுக்கே நின்றால் அவர்களுக்கு நஷ்டம். பின்னாலிருந்து 'வழி, வழி' என்று குரல் வந்தால் உடனே ஒதுங்குங்கள். கூடைக்கார அம்மாக்களைப் படம் எடுக்குமுன் 'எடுக்கலாமாம்மா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தரை முழுக்க மீன் தண்ணீர் வழுக்கும், பட்டுப்புடவையும் புதுச்செருப்பும் இங்கே சரிப்படாது. உங்களில் ஒருவருக்கு மீன் வாடை ஆகாதென்றால் அதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள், அங்கே போய் மூக்கைப் பொத்தினால் இருவருக்கும் நாள் கெட்டுவிடும்.

மீன் வாங்குவதானால் கிளம்பும் நேரத்தில், பக்கத்தில் கூறு போட்டு விற்கும் பெண்களிடம் வாங்கி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் நேராக வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வஞ்சிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கூடாது.

கடலூரில் இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி எதிர்பார்க்காதீர்கள், இடிபாடுகள்தான் மிச்சம். ஆனாலும் கதை பெரிது. 1690-ல் மராத்தியரிடம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள கிராமங்களையும் சேர்த்துப் பெற்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தச் செங்கல் சுவர் வேறு மாதிரி தெரியும்.

பிச்சாவரத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். மதிய வெயிலில் சில்வர் பீச் மணலும் வேண்டாம், மாலையில் போங்கள், அப்போதும் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அலையின் இழுப்பு அதிகம். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவதானால் நண்பகலுக்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் நடை சாத்திவிடுவார்கள். துறைமுகத்திலிருந்து நேராக அங்கே போகவேண்டியிருந்தால் மாற்றுத்துணி ஒரு செட் கையோடு இருக்கட்டும்.