மூன்று கிழக்காசிய மொழிகளைச் சேர்த்துப் படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நூலகத்துக்கு ஜப்பானியத்தில் 'தோஷோகான்', கொரியனில் 'தோசோக்வான்', சீனத்தில் 'தூஷூக்வான்'. இதை அடுத்தடுத்துக் கேட்டதும், மூன்று மொழிகளையும் ஒரே மூச்சில் படித்துவிட்டால் என்ன என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆசை நல்லதுதான். ஆனால் எது எந்தெந்த மொழிகளுக்குப் பொது என்று பிரித்துப் பார்க்காமல் இறங்கினால் நாலே மாதத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

சீன எழுத்துகள் வழியாகப் பரவிய சொற்கள் மூன்றிலும் ஏராளம். இலக்கணம் அப்படியல்ல. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பது ஜப்பானியத்தில் 'வாதாஷி வா காக்கோ நி இகிமாஸ்', கொரியனில் 'சோனுன் ஹக்கியோ எ காயோ'. நம் 'க்கு' வரும் இடத்தில் அங்கே 'நி', இங்கே 'எ'. வினை கடைசியில். சீனமோ 'நான் போ பள்ளி' என்ற வரிசையில் நிற்கும், உருபும் விகுதியும் இல்லாமல். ஜப்பானிய வாக்கியத்தின் அச்சில் சீனத்தை வார்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தமிழர்கள் தனியாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: ஜப்பானியத்தையும் கொரியனையும் ஆங்கிலம் வழியாகவே புரிந்துகொள்வது. 'சாப்பிட்டுப் பார்' என்கிறோமே, அதை ஜப்பானியர் 'தாபேதே மிரு' என்பார்கள், கொரியர் 'மொகொ போதா' என்பார்கள். 'மிரு', 'போதா' இரண்டுக்கும் பொருள் பார்த்தல்தான். தமிழில் யோசித்தால் ஒரு நொடியில் பிடிபடும் விஷயம் இது. அதற்காக, கொரியனில் 'அப்பா' இருக்கிறது, நாளுக்கு 'நல்' என்கிறார்கள், எனவே தமிழின் உறவு மொழி என்று தாவ வேண்டாம். மொழியியலாளர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. ஜப்பானியமும் கொரியனும் ஒரே குடும்பம் என்பதுகூட இன்னும் நிறுவப்படவில்லை.

அடுத்தது, எழுத்து ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று நம்புவது. கை, காகிதம் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் ஜப்பானியத்தில் 'தெகாமி', அதாவது கடிதம். அதே இரண்டு எழுத்து சீனத்தில் கழிப்பறைக் காகிதம். ஜப்பானியர் படிப்பதைக் குறிக்கும் 'பென்க்யோ' சீனத்தில் 'மனமில்லாமல்', 'வலிந்து' என்று பொருள் தரும். கொரியர் படிப்புக்குச் சொல்லும் 'கொங்பு'வைச் சீன எழுத்தில் எழுதினால் 'குங்ஃபூ'! இப்படிப்பட்ட சொற்களுக்கு நோட்டில் தனிப்பக்கம் வையுங்கள்.

கண்ணால் படித்துவிட்டுக் காதை மறப்பதும் சேதாரம்தான். ஜப்பானியம் தெரிந்தவர் சீனப் பலகையைப் பார்த்துப் பொருளை ஊகித்துவிடுவார், ஆனால் தொனியை, அதாவது ஒரே அசையைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்லும் விதத்தை, கற்கச் சோம்பல் வரும். 'மாய்' என்பதை மூன்றாம் தொனியில் சொன்னால் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது. கடையில் இது மாறினால் என்ன ஆகும்?

சொற்களை மூன்று மடங்கு மனப்பாடம் செய்வதைவிட ஒலி மாறும் விதத்தைப் பிடிப்பது மேல். ஒன்று, எட்டு என்ற எண்கள் கொரியனில் 'இல்', 'பல்'. ஜப்பானியத்தில் 'இச்சி', 'ஹச்சி'. சீனத்தில் 'யீ', 'பா'. பழைய சீனத்தில் இவை 'ட்' போன்ற ஒலியில் முடிந்தன. கொரியன் அதை 'ல்' ஆக்கியது, ஜப்பானியம் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது, இன்றைய பொதுச் சீனமான மாண்டரின் உதறிவிட்டது. ஆனால் இந்த விதி உதவ வேண்டுமானால், ஏதாவது ஒரு மொழியில் சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அதனால்தான் மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள் என்கிறேன். ஒன்றில் சரளமாக நாலு வார்த்தை பேச வந்தபின் அடுத்தது. தமிழருக்குக் கொரியனோ ஜப்பானியமோ முதலில் வரட்டும். கொரியன் என்றால் சீன எழுத்துகளில் ஆரம்பிக்க வேண்டாம். 1443-இல் செஜோங் மன்னர் காலத்தில் உருவான ஹங்குல் என்ற கொரிய எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24தான், ஒரு வாரம் போதும்.

அப்புறம் மரியாதை. கொரியன், ஜப்பானியம் இரண்டிலும் மரியாதை வினைகள் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இல்லை. வெளியாள் போன் செய்து முதலாளியைக் கேட்டால், கொரியர் நம்மைப் போலவே 'நிம்' என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து, 'அவர் இல்லைங்க' என்று உயர்த்திச் சொல்வார். ஜப்பானியரோ தம் முதலாளியின் பெயரிலிருந்து 'சான்' என்ற மரியாதை ஒட்டையும் எடுத்துவிட்டு, 'ஓரிமாசென்' என்று பணிவு வினையில் சொல்வார். வெளியாள் முன்னால் தன் ஆளைத் தாழ்த்திச் சொல்வதுதான் அங்கே மரியாதை.