நினைவுத் தூணில் உள்ள வீரரைத் தேடும்போது

ஊர்ப் போர் நினைவுத் தூணில் உள்ள பெயர்களைத் தேடப் போகிறீர்களா? காலை வெயில் சாய்வாக விழும்போது படம் எடுங்கள், தேய்ந்த எழுத்தும் தெரியும். அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், இலவசம்தான். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த பிரிட்டன், இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுப் படையினர் சுமார் 17 லட்சம் பேர் அதில் உண்டு. கிடைக்காவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள்.

ஒரே பெயரில் பலர் வந்தால் தயவுசெய்து அவசரப்பட்டு ஒருவரை முடிவு செய்யாதீர்கள். யாரோ ஒருவரின் மகனை வேறொரு குடும்பத்தில் சேர்த்துவிடுவோம். பெற்றோர் பெயர், ஊர், படைப்பிரிவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

முதல் உலகப் போரில் காயம்பட்டு, 1921 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு இறந்தவர்கள் ஆணையத்தின் பட்டியலில் வரமாட்டார்கள். ஊர்த் தூணில் இருக்கக்கூடும். அவர்களுக்குப் பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களின் இரங்கல் செய்திகளைப் புரட்டுங்கள்.