வீட்டில் வெதர் ரேடியோ: வாங்குவது முதல் புதன்கிழமை டெஸ்ட் வரை

2019 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி. அப்போது டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில், ஒரு அபார்ட்மெண்டின் மாடி வீட்டில் இருந்தோம். மகளைத் தூங்க வைக்கப் போய் நாங்களும் கண்ணயர்ந்துவிட்டோம். ஒரு ஃபோன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது, இன்னொன்று காரிலேயே கிடந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் வந்து கதவைத் தட்டினார். அவர் வராமல் இருந்திருந்தால், வடக்கு டாலஸைக் கிழித்துக்கொண்டு ரிச்சர்ட்சன் வரை வந்த அந்த டொர்னேடோ எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். டொர்னேடோவின் வலிமையை 0 முதல் 5 வரை அளக்கும் இ.எஃப். அளவுகோலில் 3 வலிமை கொண்ட சுழல்காற்று. அன்று ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரமே, ஆபத்தான வானிலை வந்தால் தானே கத்தி எழுப்பும் வெதர் ரேடியோ ஒன்றை வாங்கினேன். அதன் பிறகு டெக்சஸுக்குப் புதிதாக வந்த நண்பர்கள் பலர் வீட்டில் இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் ஒரே குறையைத்தான் பார்த்தேன். ரேடியோ இருக்கும், ஆனால் அவர்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) எண்ணை அதில் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது ஓர் இரவு வீணாகக் கத்தியது என்று பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள். அந்த இரண்டும் உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்ப் புயலோடு இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். என் அம்மா கடலூர்க்காரர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடப்பதற்கு முன்பே வானொலியிலும் துறைமுகக் கூண்டிலும் எச்சரிக்கை வந்துவிட்டது. அரிசி, மெழுகுவத்தி எல்லாம் எடுத்து வைக்க நேரம் இருந்தது. டொர்னேடோ அப்படியில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்தப் பத்து நிமிடம் இரவு இரண்டு மணிக்கு வந்தால், யாராவது உங்களை எழுப்பியாக வேண்டும்.

இது என்ன ரேடியோ?

அமெரிக்க அரசின் நேஷனல் வெதர் சர்வீஸ் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்கள் வழியாக இருபத்துநான்கு மணி நேரமும் வானிலையை ஒலிபரப்புகிறது. நோவா வெதர் ரேடியோ என்பது அதன் பெயர். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழே அலைவரிசைகள். சாதாரண எஃப்.எம். 108உடன் முடிந்துவிடுவதால் கார் ரேடியோவில் இது பொதுவாகக் கிடைக்காது. மாதக் கட்டணம் கிடையாது, இன்டர்நெட் தேவையில்லை, செல்ஃபோன் டவர் சாய்ந்தாலும் இது பேசிக்கொண்டிருக்கும்.

ஃபோனில் வரும் எச்சரிக்கையும் வேண்டும்தான், அதை அணைத்து வைக்காதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஊர் சைரனோ வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. ஜன்னலை மூடி ஏ.சி. போட்டுப் படுத்தால் கேட்கும் என்ற உறுதி இல்லை. இன்னொன்றும் உண்டு: 2017 ஏப்ரல் 7 இரவு, டாலஸ் நகரின் 156 சைரன்களும் காரணமில்லாமல் அலறின. யாரோ ஊடுருவிச் செய்த வேலை. சைரன் கேட்டால் உண்மையா என்று பார்க்க வீட்டில் இன்னொரு வழி இருக்க வேண்டும்.

வாங்கும்போது

பெட்டியில் 'சேம்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கவுண்டிக்கான எச்சரிக்கைக்கு மட்டும் விழித்தெழும் வசதி அது. கையால் சுற்றி சார்ஜ் ஏற்றும் ரேடியோக்கள் பலவற்றில் வெதர் அலைவரிசை இருக்கும், சேம் இருக்காது. அவை முகாமுக்கும் மின்வெட்டுக்கும் நல்லவை, படுக்கையறைக்குப் போதாது. நான் வைத்திருப்பது மிட்லாண்ட் டபிள்யூஆர் 120. கரண்டில் ஓடும், கரண்ட் போனால் மூன்று டபுள் ஏ பேட்டரியில் ஓடும். இந்த வகை மேசை ரேடியோவுக்கு 30 முதல் 50 டாலர் வரை ஆகும்.

படி 1: இடம்

படுக்கையறையில் வையுங்கள். ஹாலில் வைத்து அழகு பார்க்க வேண்டாம், தூங்கும் காதுக்கு எட்டினால்தான் பயன். ஆன்டெனாவை முழுதாக இழுத்து நிமிர்த்தி, முடிந்தால் ஜன்னல் அருகே வையுங்கள். வைஃபை ரௌட்டர், ஃபோன் சார்ஜர், எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி வைத்தால் இரைச்சல் குறையும். டிரான்ஸ்மிட்டரின் வீச்சு சுமார் 40 மைல். கான்கிரீட் அபார்ட்மெண்டில் இரண்டடி நகர்த்தினால்கூடக் குரல் தெளிவது உண்டு.

படி 2: அலைவரிசை

ஏழு சேனல்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரைச்சலில்லாமல் ஒரு கணினிக் குரல் வானிலை சொல்லிக்கொண்டிருக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உரக்கக் கேட்கும் சேனல்தான் உங்கள் கவுண்டிக்கான எச்சரிக்கையை ஒலிபரப்புகிறது என்று சொல்ல முடியாது, பக்கத்து வட்டாரத்தின் டிரான்ஸ்மிட்டராகவும் இருக்கலாம். எந்த டிரான்ஸ்மிட்டர் எந்தக் கவுண்டிக்கு என்ற பட்டியல் நேஷனல் வெதர் சர்வீஸ் தளத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துச் சேனலை நீங்களே பொருத்துங்கள். டாலஸ் டிரான்ஸ்மிட்டர் 162.400, ஃபோர்ட் வொர்த் 162.550. ரேடியோத் திரையில் சேனல் எண்தான் தெரியும், அலைவரிசை தெரியாது என்றால் கையேட்டில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கவுண்டி எண்

இதுதான் உயிர்நாடி. ஆறு இலக்க எண். முதல் இலக்கம் 0 என்றால் முழுக் கவுண்டி. அடுத்த இரண்டு மாநிலம், டெக்சஸுக்கு 48. கடைசி மூன்று கவுண்டி. காலின் கவுண்டி 048085, டென்டன் 048121, டாலஸ் 048113, டாரன்ட் 048439. சில மாடல்களில் எண் தேவையில்லை, மாநிலத்தையும் கவுண்டியையும் பெயரைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.

உங்கள் வீடு எந்தக் கவுண்டி என்பதை வரி ரசீதிலோ வாடகை ஒப்பந்தத்திலோ பார்த்து உறுதி செய்யுங்கள். ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். நாங்கள் இப்போது இருக்கும் ஃபிரிஸ்கோவில் ஒரு பகுதி காலின், இன்னொரு பகுதி டென்டன். ஒரே தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் இரண்டு குடும்பங்களுக்கு வேறு வேறு எண்.

மெனுவில் இடம் என்ற பகுதியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: எல்லாம், ஒன்று, பல. பெட்டியிலிருந்து எடுத்ததும் பெரும்பாலும் 'எல்லாம்' என்றே இருக்கும். அப்படியே விட்டால் டிரான்ஸ்மிட்டர் எட்டும் அத்தனை கவுண்டிக்கும் உங்களை எழுப்பும். முதல் வசந்த காலத்தில் நான் அதை மாற்றாமல் விட்டு, ஒரே இரவில் நான்கு முறை எழுந்தேன். மறுநாள் பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று வாரம் கழித்துத்தான் தவறு புரிந்தது.

'பல' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கவுண்டியோடு அதற்கு மேற்கே இருக்கும் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொல்வேன். இங்கே இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வருகிறது. காலினில் இருக்கும் நாங்கள் டென்டனையும் சேர்த்திருக்கிறோம். அதற்கு மேல் சேர்த்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் பிளக் போகும்.

படி 4: எதற்கு எழுப்ப வேண்டும், எதற்கு வேண்டாம்

வாட்ச், வார்னிங் என்று இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். டொர்னேடோ வாட்ச் என்றால் உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது, வானத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள் என்று பொருள். ஓக்லஹோமாவின் நார்மனில் உள்ள புயல் கணிப்பு மையம் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்கு இதை விடுக்கும். வார்னிங் என்றால் ரேடாரில் தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். உடனே ஒதுங்க வேண்டும். இதை உங்கள் வட்டார அலுவலகம் விடுக்கும், எங்களுக்கு ஃபோர்ட் வொர்த்.

டொர்னேடோ வார்னிங், திடீர் வெள்ள வார்னிங், கடும் இடிமழை வார்னிங் மூன்றையும் தொடாதீர்கள். கடும் இடிமழை என்றால் மணிக்கு 58 மைல் காற்று, அல்லது ஒரு அங்குல ஆலங்கட்டி. காருக்குச் சேதம் வரும் அளவு. மற்றபடி வெள்ள வாட்ச், இடிமழை வாட்ச் போன்றவற்றின் ஒலியை மெனுவில் அணைத்துவிடலாம். ஒலி வகையைக் குரல் என்று வைத்தால் சில விநாடி சைரனுக்குப் பிறகு அறிவிப்பு தானே கேட்கும். அதுவே எனக்குப் பிடித்தது. அரைத் தூக்கத்தில் பட்டன் தேட வேண்டாம்.

படி 5: புதன்கிழமை டெஸ்ட்

வாரம் ஒரு முறை டெஸ்ட் வரும், வழக்கமாகப் புதன்கிழமை பகல் 11 முதல் 12 மணிக்குள். அன்று வானிலை மோசமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். பல ரேடியோக்களில் இது சத்தமில்லாமல் திரையில் எழுத்தாக மட்டும் தெரியும். அமைத்த பின் வரும் முதல் புதனன்று திரையைப் பாருங்கள். டெஸ்ட் வந்திருந்தால் சேனலும் கவுண்டி எண்ணும் சரி. வரவில்லையென்றால் படி 2க்குத் திரும்புங்கள். இதைச் செய்யாதவரை ரேடியோ அமைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

அறிவிப்பை எப்படிக் கேட்பது

சேம் எண் முழுக் கவுண்டிக்கானது. ஆனால் 2007 முதல் வார்னிங் விடுக்கப்படுவது வரைபடத்தில் ஒரு சிறு பலகோணத்துக்குத்தான். அதனால் காலின் கவுண்டியின் கிழக்கு ஓரத்து ஃபார்மர்ஸ்வில்லில் ஆபத்து என்றாலும் மேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ரேடியோ கத்தும். கோபப்படாமல், சொல்லும் ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். எங்கே இருக்கிறது, எந்தத் திசையில், மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் போகிறது, எந்த ஊர்களைத் தொடும் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஊர்ப் பெயர்கள்தான் சிக்கல். உங்களுக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் இருக்கும் ஏழெட்டு ஊர்களை ஒரு தாளில் எழுதி ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எங்கள் தாளில் டென்டன், லூயிஸ்வில், லிட்டில் எல்ம், த காலனி. லிட்டில் எல்ம் அருகே, கிழக்கு நோக்கி என்று காதில் விழுந்தால் அது எங்களை நோக்கி வருகிறது. எழுந்துவிட வேண்டும்.

எங்கே போவது? இங்கே பல வீடுகளில் நிலவறை கிடையாது. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள் அறை: பாத்ரூம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை, துணி அலமாரி அறை. பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட்டும் எல்லோருக்கும் ஒரு ஜோடி ஷூவும் அங்கேயே இருக்கட்டும். மாடி அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரிடம் இன்றே பேசி வையுங்கள்.

அப்பா அம்மா வந்திருக்கும்போது

ஏப்ரல், மே மாதங்களில்தான் ஊரிலிருந்து பெற்றோர் நிறைய வருகிறார்கள். டொர்னேடோ அதிகம் வருவதும் அப்போதுதான். நாம் வேலைக்குப் போன பகலில் அவர்கள் மட்டும் வீட்டில் இருப்பார்கள். கணினிக் குரலின் ஆங்கிலம் என் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. அதனால் விளக்கின் நிறத்தைச் சொல்லிக் கொடுத்தேன். இந்த மாடலில் வார்னிங்குக்குச் சிவப்பு, வாட்சுக்கு ஆரஞ்சு, அதற்குக் கீழானவற்றுக்கு மஞ்சள். ரேடியோவின் மேல் ஒட்டிய சீட்டு இது:

"அம்மா, இது கத்தினால் விளக்கைப் பாருங்க. சிவப்பு எரிந்தால் அடுப்பை அணைச்சுட்டு, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ரூமுக்குப் போயிடுங்க. ஃபோனை எடுத்துக்குங்க. ஜன்னல்கிட்ட நின்னு பார்க்க வேண்டாம். அங்கே போன பிறகு எனக்குக் கூப்பிடுங்க. ஆரஞ்சு, மஞ்சள்னா உட்கார்ந்த இடத்திலேயே இருந்து என்னைக் கூப்பிட்டால் போதும்."

ஒரு தடவை அவர்களை நடக்க வைத்தும் பாருங்கள். அம்மாவுக்கு அந்த அறையின் சுவிட்ச் எங்கே என்று தெரியவில்லை. ஒரு டார்ச்சை உள்ளேயே மாட்டி வைத்தோம். காது மந்தமானவர்கள் இருந்தால், பளிச்சிடும் விளக்கும் தலையணைக்கடியில் வைக்கும் அதிர்வுக் கருவியும் இணைக்கக்கூடிய மாடல்கள் கிடைக்கின்றன.

பேட்டரி

மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகார நேரம் மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், ரேடியோவின் நேரத்தையும் திருத்துங்கள். பழைய பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும். புதுசு போட்டதும் பிளக்கை ஒரு நிமிடம் கழற்றி, பேட்டரியில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வெளியூர் போகும்போது

2025 ஜூலை 4 விடியுமுன் டெக்சஸின் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு பெருகி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. ஆற்றங்கரையில் விடுமுறைக்கு வந்து தங்கியிருந்தவர்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு, ஆற்றங்கரையிலோ மலையிலோ இரவு தங்குவதென்றால் ரேடியோவையும் எடுத்துக்கொண்டு போகிறோம். வீட்டுக் கவுண்டி எண் அங்கே உதவாது. போய் இறங்கியதும், சாமான்களைப் பிரிக்கும் முன்பே, அந்த இடத்துக்கான சேனலையும் எண்ணையும் போட்டு, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கிறேன். மலைப் பள்ளத்தில் சிக்னல் எட்டாத இடங்கள் உண்டு. கேட்கவில்லை என்றால் கரையோர அறையை விட்டு மேட்டில் இருக்கும் அறையாகக் கேட்டு வாங்கிக்கொள்வோம். எண்ணைக் கிளம்பும் முன்பே தாளில் எழுதி ரேடியோவின் அடியில் ஒட்டிவிடுகிறேன். கெர் கவுண்டிக்கு 048265.